இழுப்பறையில் கிடந்த பேட்ஜ்

அயர்ன் பே, மிச்சிகன்
2011 மார்ச் 3

மாவிஸ்,

கவரின் மேல் என் பெயரைப் பார்த்தும் கிழித்துப் போடாமல் பிரித்திருக்கிறாய் என்றால், அதற்கே ஒரு நன்றி. நாம் பேசிப் பதினோரு வருடத்துக்கு மேல் ஆகிறது. போன் செய்திருக்கலாம். ஆனால் இப்போதெல்லாம் போனில் என் பேச்சு பாதி வழியில் நின்றுவிடுகிறது. உப்பு வேண்டும், ஆனால் அந்த வார்த்தை வராது. "அதான், வெள்ளையா, முட்டை மேல தூவுறது" என்கிறேன். காகிதம் பரவாயில்லை, வார்த்தை வரும்வரை கோபிக்காமல் காத்திருக்கும்.

மூளையில் கட்டி. நவம்பரில் கண்டுபிடித்தார்கள். டிசம்பரில் வெட்ட முடிந்ததை வெட்டினார்கள். மிச்சம் உள்ளேயே இருக்கிறது. "இடது பக்கம்" என்று டாக்டர் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன், என் மகள் ஜோடி முறைத்தாள். இருபத்துமூன்று வருடம் கேத் லேபில் மேசையோரம் நின்றவன் நான். டாக்டர் இதயக் குழாய்க்குள் கம்பியைச் செலுத்தும்போது எக்ஸ்ரே ஓடிக்கொண்டே இருக்கும். அந்த எக்ஸ்ரேக்கு நான் எந்தக் கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன் என்று உனக்குத் தெரியாததா.

உன் இரக்கத்தைக் கேட்டு எழுதவில்லை. நான் ஓய்வு பெற்ற வருடம் ஜோடி அதே அறையில், அதே வேலைக்குச் சேர்ந்தாள். போன மாதம் அவளைச் சாப்பிடக் கூட்டிப் போக அங்கே போயிருந்தேன். பழக்கதோஷத்தில் கையுறைப் பெட்டி இருக்கும் இழுப்பறையைத் திறந்தேன். அதில் அவளுடைய பேட்ஜ் கிடந்தது. அவள் கதிருக்குள் நிற்கிறாள், அவள் மேல் விழுவதை அளக்க வேண்டிய பேட்ஜ் இழுப்பறையில் தூங்குகிறது.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். "நானும் அப்படித்தாம்மா செஞ்சேன். போடவே இல்ல. அந்தத் தப்பைச் செய்யாத." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, குழந்தையிடம் பேசுகிற மாதிரி, "அப்பா, இது நீ பேசல. உன் கட்டி பேசுது" என்றாள். பிறகு என் பதிவேட்டின் நகலைக் கொண்டுவந்து காட்டினாள். "பாரு, 93-ல இருந்து கிட்டத்தட்ட ஒண்ணுமே ஏறல. உனக்கே ஏறலன்னா எனக்கு மட்டும் என்ன ஏறிடப் போகுது?"

அந்தத் தாள்களில் பன்னிரண்டு வருடம் உன் கையெழுத்து இருக்கிறது. கூட வேலை செய்த லாரி செத்துப் போனான். அந்த அறையில் கம்பி செலுத்திய டாக்டர் ஹெக்மன் ஃப்ளோரிடாவில் இருக்கிறார், என் போனை எடுப்பதில்லை. பெற்ற அப்பன் வாயை நம்பாதவள் உன் கையெழுத்தை நம்புகிறாள். அவளுக்கு ஒரே ஒரு வரி எழுது. உன் அப்பா சொல்வது உண்மை என்று எழுது, போதும்.

வெய்ன் கங்காஸ்


டுலூத், மின்னசோட்டா
2011 மார்ச் 14

மிஸ்டர் கங்காஸ்,

உங்கள் உடல்நிலை பற்றி அறிந்து வருந்துகிறேன். இது மரியாதைக்கு எழுதும் வரி இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்து முடித்தபோது அடுப்பில் காபி கருகியிருந்தது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கட்டி அந்த அறையில்தான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. வரவில்லை என்றும் சொல்ல முடியாது. பத்தாயிரம் பேர் இவ்வளவு கதிர் வாங்கினால் கூடுதலாக எத்தனை பேருக்கு நோய் வரலாம் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கூடுதல் ஆள் நீங்கள்தானா என்று அந்தக் கணக்குக்குத் தெரியாது.

இனி நம் விஷயம். 1999 அக்டோபர் 12, இரண்டாம் மாடிக் கூட்ட அறை. கதிர் பாதுகாப்பு அதிகாரி என்ற முறையில், கேத் லேப் ஆட்கள் பேட்ஜைக் கழற்றி வைக்கிறார்கள் என்று நான் சொன்னேன். உங்களைக் கேட்டார்கள். நீங்கள் சொன்னது எனக்கு ஒரு வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது. "ஷெரிஃப் அம்மாவுக்கு எங்க மேல பொறாமை. நாங்க உயிரைக் காப்பாத்துறோம், அவங்க நம்பரைக் காப்பாத்துறாங்க." டாக்டர் ஹெக்மன் மேசையைத் தட்டிச் சிரித்தார். அடுத்த மாதமே என்னைத் தீயணைப்புக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலைக்கு மாற்றினார்கள். ஒவ்வொரு மாடியாக ஏறி, சிவப்பு உருளைகளில் தேதி பார்த்தேன். அதற்குப் பிறகுதான் இந்த ஊருக்கு வந்தேன்.

அன்று பொய் என்று சொன்ன வாயே இன்று உண்மை என்று எழுதித் தரச் சொல்கிறது. அப்படி எழுதினால், 1993-ல் இருந்து மூன்று மாதத்துக்கு ஒன்றாக இருபத்தேழு தாள்களில் பொய்க்குக் கையெழுத்துப் போட்டேன் என்று நானே ஒப்புக்கொண்டதாக ஆகும். உங்கள் மகளுக்கு நல்லது நடக்கட்டும். என்னால் முடியாது.

மாவிஸ் ட்ரெம்ப்ளே


அயர்ன் பே
2011 மார்ச் 22

மாவிஸ்,

திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அந்தப் பேச்சை முந்தின நாளே லாரியிடம் சொல்லிப் பார்த்து, அவன் சிரித்த பிறகுதான் கூட்டத்தில் சொன்னேன். அதையும் சேர்த்துக்கொள்.

ஆனால் 1992-ஐ நீ எழுதவில்லை. அந்த வருடம் நான் யோக்கியனாக பேட்ஜ் போட்டேன். காலரில் ஒன்று, ஈய ஏப்ரனுக்கு உள்ளே இடுப்பில் ஒன்று, நீ சொல்லிக்கொடுத்தபடியே. ஆகஸ்டிலேயே அளவு வருட எல்லையைத் தொட்டுவிட்டது. வருடம் முடியும்வரை கேத் லேபுக்குள் வராதே, கீழே போய் நெஞ்சு எக்ஸ்ரே எடு என்று நீதான் என்னை அனுப்பினாய். சட்டப்படி சரி. அந்த வேலை தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டே பேர். நவம்பரில் லாரி முதுகைப் பிடித்துக்கொண்டு படுத்தான். ஒன்பது நாள் அறையைப் பூட்டி வைத்தார்கள். நான்காம் நாள் ஹார்டுவேர் கடை ஈனோ சல்மியை மாரடைப்போடு கொண்டுவந்தார்கள்.

நான் கீழே இருந்தேன், மாவிஸ். இரண்டு மாடிதான் இடையில். அவரை ஆம்புலன்ஸில் ஏற்றி நூறு மைல் தள்ளி அனுப்பினார்கள். ஏரிக்காற்றில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. பாதியிலேயே முடிந்துவிட்டது. அவர் மனைவி இன்றைக்கும் கிறிஸ்துமஸுக்கு எனக்குப் புல்லா என்கிற ஏலக்காய் ரொட்டி செய்து அனுப்புகிறாள். நான் ஒழுங்காக பேட்ஜ் போட்டதால்தான் அவர் போனார் என்று அவளுக்குத் தெரியாது. அந்த ரொட்டியை என்னால் விழுங்க முடிந்ததே இல்லை, ஜோடிதான் சாப்பிடுவாள்.

அடுத்த ஜனவரியில் இருந்து இழுப்பறைதான். அளவு சுத்தமாக ஒன்றும் இல்லை என்று வந்தால் நீ மோப்பம் பிடிப்பாய் என்று மாதத்துக்கு இரண்டு நாள் மட்டும் மாட்டிக்கொள்வேன். அதெல்லாம் உனக்குத் தெரியும். கூட்டத்துக்கு முந்தின நாள் உன் சமையலறையில் நீ ஒரு சின்ன உறையை என் முன்னால் வைத்தாயே, அதில் என்ன இருந்தது? அன்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. பார்க்கப் பயந்தேன். இப்போது சொல்.

வெய்ன்


டுலூத்
2011 ஏப்ரல் 5

வெய்ன்,

ஈனோ சல்மி விஷயம் எனக்குத் தெரியாது. ஒரு நோயாளியை வெளியூர் அனுப்பினார்கள் என்றுதான் தெரியும். யாரை, என்ன ஆனார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அந்த உறையில் ஒரு பேட்ஜின் முடிவு இருந்தது. 1999 செப்டம்பரில், யாரிடமும் அனுமதி கேட்காமல், நீங்கள் நிற்கும் இடத்தில் தொங்கும் ஈயக் கண்ணாடியின் விளிம்பில், உன் இடது நெற்றி வரும் உயரத்துக்கு ஒரு பேட்ஜை ஒட்டி வைத்தேன். உன்னைப் போல அதற்குக் கால் இல்லை, இழுப்பறைக்குள் போய் ஒளிந்துகொள்ளாது. ஒரு மாதத்தில் அறுநூறு மில்லிரெம் கதிர். வருடத்துக்குச் சட்டம் சொல்லும் எல்லை ஐயாயிரம். பன்னிரண்டால் பெருக்கிப் பார். அதே மாதம் உன் சொந்த பேட்ஜ் சொன்னது பதினொன்று.

அதைக் கூட்டத்தில் காட்டியிருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். முந்தின நாள் நீ என் சமையலறைக்கு வந்தாய். நான் உறையை எடுத்து வைத்தேன். நீ அதைத் தொடாமலே அழுதாய். "மாவிஸ், என்னை அந்த ரூமை விட்டு வெளிய அனுப்பிடாத. வேற எதுவும் எனக்குத் தெரியாது" என்றாய். நான் உறையை எடுத்து மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். ஆதாரம் இல்லாமல் கூட்டத்துக்குப் போனேன். நீ அங்கே என்ன செய்தாய் என்பது இருவருக்கும் தெரியும்.

இவ்வளவு காலம் உன் மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உன்னைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. அதற்காகத்தான் என்னை அந்தக் கட்டடத்தில் வைத்திருந்தார்கள். வேலியே பயிரை மேய்ந்த கதைதான் என் கதை. அழுத மனிதனுக்கு இரக்கப்பட்டு அவனை அங்கேயே நிற்கவிட்டேன்.

அந்த முடிவின் அசலும், ஜோடிக்கு ஒரு கடிதமும் இத்துடன் வைத்திருக்கிறேன். இருபத்தேழு தாள்களும் தவறு என்று பெயர் போட்டு எழுதியிருக்கிறேன்.

மாவிஸ்


அயர்ன் பே
2011 ஏப்ரல் 19

மாவிஸ்,

படித்தாள். சமையலறையில் நின்றபடியே இரண்டு தரம் படித்தாள். "அப்போ நீ சொன்னது நிஜமாப்பா?" என்றாள். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக என்னைப் பைத்தியக்காரனாகப் பார்க்கவில்லை. எனக்கு அதுவே பெரிய சந்தோஷமாக இருந்தது. ஒரு நிமிடம்தான்.

வெளியே போய் காருக்குள் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். திரும்பி வந்தவள் கோட்டைக்கூடக் கழற்றாமல், "நாலு பேர் இருந்தா போட்டுக்குவேன்பா. நானும் பெக்கியும் ரெண்டே பேர். ரீடிங் ஏறுச்சுன்னா என்னைத் தூக்கிடுவாங்க. அப்புறம் ரூமைப் பூட்டிடுவாங்க. இவ்வளவுதான்" என்றாள்.

"ஆள் கேளு" என்றேன்.

"மூணு வருஷமா கேக்கறேன். இந்த ஊருக்கு எவன்பா வருவான், பனி அள்ளவா?"

"உனக்கு வயசு முப்பத்தி ரெண்டும்மா."

"உனக்கும் ஒருநாள் முப்பத்தி ரெண்டு இருந்துச்சுல்ல. நீ என்ன செஞ்ச?"

தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி என்பார்கள். நான் தெரியாத மாதிரி கண்ணை மூடிக்கொண்டு செய்தேன். இவள் நம்பரைப் பார்த்துவிட்டுச் செய்கிறாள். உண்மை தெரிந்தால் நிறுத்திவிடுவாள் என்று நம்பியிருந்தேன். உன்னால் மேலே யாரிடமாவது சொல்ல முடியுமா?

வெய்ன்


டுலூத்
2011 மே 2

வெய்ன்,

சொல்லிப் பார்த்தேன். உங்கள் மருத்துவமனைக்கு இப்போது சொந்தமாகப் பாதுகாப்பு அதிகாரி கிடையாது. மில்வாக்கியில் இருந்து ப்ரெண்ட் என்று ஒருவர் வருடத்துக்கு இரண்டு முறை வந்து போகிறார். போனில் பிடித்தேன். "மேடம், அந்த லேப் ரீடிங் எல்லாம் அவ்வளவு சுத்தம். மத்த ஊர்ல எல்லாம் இதைத்தான் காட்டி வகுப்பு எடுக்கறேன்" என்றார்.

"சுத்தமா இருக்கறதுதாங்க தப்பு. அவ்வளவு கேஸ் பண்ற இடத்துல அப்படி வராது" என்றேன்.

"பேட்ஜ் சொல்றதை விட்டுட்டு நான் வேற எதை எழுதறது மேடம்?"

நானும் பன்னிரண்டு வருடம் அதையே எழுதினேன். என் பழைய சோதனையைச் சொன்னேன். அனுமதி வாங்கியா ஒட்டினீர்கள் என்று கேட்டார். சிரித்துவிட்டு வைத்தேன்.

மிச்சம் இருப்பது மாநில அதிகாரிகள். அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதி, தபால்தலை ஒட்டி, ஆறு நாளாகச் சாப்பாட்டு மேசையில் வைத்திருக்கிறேன். அனுப்பினால் அவர்கள் வருவார்கள். ஜோடியை உடனே வெளியே எடுப்பார்கள். அறையை மூடுவார்கள், இரண்டு வாரமோ இரண்டு மாதமோ தெரியாது. அந்த நாட்களில் உங்கள் ஊரில் யாருக்காவது நெஞ்சு வலி வரும். யாருக்கு என்று என் கணக்குக்குத் தெரியாது. அனுப்பாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியாது. முன்பு ஒருமுறை நானே முடிவெடுத்தேன், அதில் ஒருவர் சாலையில் செத்தார். இன்னொரு முறை முடிவெடுக்காமல் விட்டேன், அதில் நீ. இந்த முறை அவள் அப்பா நீ சொல். சொன்னபடி செய்கிறேன்.

மாவிஸ்


அயர்ன் பே
2011 மே 16

மாவிஸ்,

வலது கை சொன்னபடி கேட்கவில்லை. எழுத்தைத் திட்டாதே.

அனுப்பு.

இதை எழுதிவிட்டு கவரை ஒட்டாமல் வைத்திருந்தேன். மாலையில் ஜோடி வந்தாள். ஒரே நாளில் மூன்று பேராம். அதில் ஒருவர் பள்ளி பஸ் ஓட்டுகிறவர், முப்பத்தொன்பது வயது. காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, பஸ்ஸை ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங் மேல் சாய்ந்திருக்கிறார். மதியம் எழுந்து உட்கார்ந்து ஜெல்லோ இனிப்பு கேட்டாராம். "ஆரஞ்சு இல்லன்னா வேண்டாங்கறாம்பா. ரெண்டு மணி நேரம் முன்னாடி செத்துப் போயிருந்தவன், கலர் பாக்கறான்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவள் இடது கண்ணைக் கசக்கிக்கொண்டே சிரித்தாள். களைப்புதான் என்றாள்.

அனுப்பாதே.

இல்லை, அனுப்பு. அவள் என் மகள். பஸ் ஓட்டுகிறவன் வேறு யாரோ பெற்ற பிள்ளை. அவன் அம்மாவையும் எனக்குத் தெரியும், கிர்க்கில் காபி ஊற்றுவாள், மன்னித்துக்கொள், அந்த இடத்தின் பெயர் வரவில்லை, ஞாயிற்றுக்கிழமை கும்பிடப் போவோமே.

என்னால் முடியவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

வெ.


டுலூத்
2011 மே 25

வெய்ன்,

உன்னிடம் கேட்டிருக்கவே கூடாது. பாரத்தை மறுபடியும் நோயாளியின் தலையில் வைத்தேன். மன்னித்துவிடு.

ஜூன் 13 திங்கட்கிழமை காலை நானே கடிதத்தைத் தபாலில் போடுகிறேன். அதற்குள் அவள் இரண்டு பேட்ஜையும் ஒழுங்காக மாட்டத் தொடங்கினால் போட மாட்டேன். அளவு உண்மையாக ஏறினால் மருத்துவமனையே ஆள் தேடியாக வேண்டும், அது மெதுவாக நடந்தாலும் நடக்கும், யாரும் திடீரென்று பூட்ட மாட்டார்கள். இதை அவளிடம் சொல். கண்ணை மருத்துவரிடம் காட்டச் சொல், அதையும் மறக்காதே.

நீ சாப்பிடுகிறாயா? எழுது.

மாவிஸ்


அயர்ன் பே
2011 ஜூன் 8

ஷெரிஃப் அம்மாவுக்கு,

இனி என்னால் பேனா பிடிக்க முடியாது. நான் சொல்லச் சொல்ல ஜோடி எழுதுகிறாள். கொட்டை எழுத்தில் எழுதும்மா என்று சொல்லியிருக்கிறேன், உனக்கும் வயதாகியிருக்கும்.

நல்ல செய்தி. உன் கடிதத்தைப் படித்துக் காட்டச் சொன்னேன். படித்தாள். மறுநாளில் இருந்து போட்டுக்கொள்கிறாள். நான் பார்த்தேன், மாவிஸ். தினமும் வேலை முடிந்து நேராக என் கட்டிலுக்கு வருகிறாள், காலரில் ஒன்று தொங்குகிறது. எனக்கு வலது கை இப்போது வராது, இடது கையை நீட்டித் தொட்டுப் பார்க்கிறேன். இடுப்பில் இருப்பதையும் காட்டுகிறாள். என்ன போலீஸ் சோதனையா என்று கேலி செய்கிறாள். ஆமாம் என்கிறேன்.

அதனால் அந்தக் கடிதத்தைப் போடாதே. கிழித்துவிடு. அந்த அறையும் திறந்திருக்கட்டும், இவளும் பிழைத்துக் கிடக்கட்டும். இரண்டும் நடக்கும் என்று நான் நினைக்கவில்லை. உன்னால் நடந்தது.

கூட்டத்தில் அப்படிப் பேசியதற்கு என்னை மன்னித்துவிடு. நீ எண்ணியதெல்லாம் எங்களைத்தான், நம்பரை இல்லை. இதை அன்றே சொல்லியிருக்க வேண்டும். நான் சாப்பிடுகிறேன், சூப் மட்டும்.

வெய்ன்

மாவிஸ் ஆன்ட்டி, இது ஜோடி. அப்பா சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதிவிட்டேன். அவர் இப்போது தூங்குகிறார்.

பெக்கிக்கு இது ஐந்தாம் மாதம். ஏப்ரல் கடைசியில்தான் என்னிடம் சொன்னாள். அன்றிலிருந்து அவளை எக்ஸ்ரே ஓடும்போது உள்ளே விடுவதில்லை. குளிர்காலம் வரை நான் ஒருத்திதான். இரண்டு பேர் பங்கும் எனக்கே என்பதால், உண்மையாக மாட்டினால் அக்டோபரிலேயே எல்லை தாண்டிவிடும் என்று நீங்கள் அனுப்பிய நம்பரை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் இருக்கும். அதனால் இந்த வீட்டு வாசலில் காரை நிறுத்திய பிறகுதான் இரண்டையும் மாட்டிக்கொண்டு உள்ளே வருகிறேன். போகும்போது கழற்றிவிடுகிறேன்.

டாக்டர்கள் அவருக்கு மூன்று வாரம் சொல்லியிருக்கிறார்கள். பதின்மூன்றாம் தேதி நீங்கள் அந்தக் கடிதத்தைப் போட்டால் அதிகாரிகள் வருவார்கள், அவருக்கும் தெரிந்துவிடும். போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். போடாவிட்டால் அவரிடம் எதையும் சொல்லிவிடாதீர்கள். சொல்லாமல் இருப்பது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.